தலை போனது, தொப்பி இருக்கிறது

போன இதழில், என்னிடம் ஒரு பழைய பட்டு டாப் ஹாட் இருக்கிறது என்று பேச்சுவாக்கில் எழுதிவிட்டேன். மற்ற கேள்விகளையெல்லாம் தள்ளிக்கொண்டு தொப்பிக் கேள்விகள் முன்னால் வந்து நிற்கின்றன. சரி, இந்த வாரம் முழுக்கத் தொப்பிதான்.

கேள்வி: வேட்டி கட்டுகிற உங்களுக்கு வெள்ளைக்காரன் தொப்பி எதற்கு? (தஞ்சாவூர்)

பதில்: போட்டுக்கொள்ள அல்ல. ஆசைப்பட்டாலும் முடியாது. லண்டன் தெருச் சந்தை ஒன்றில் வாங்கியது, என் தலையில் தேங்காய்மேல் கவிழ்த்த கொட்டாங்கச்சி மாதிரி உட்காருகிறது. மிஞ்சியிருக்கிற பழைய டாப் ஹாட்களில் பெரும்பாலானவை சின்ன சைஸ்தான். நல்ல நிலையில் பெரிய சைஸ் வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கில் பவுண்டு எண்ண வேண்டும். தலைக்கனம் உள்ளவர்களுக்குக் கட்டுப்படியாகாத பொழுதுபோக்கு இது.

கேள்வி: இத்தனை பாடு எதற்கு? புதிதாக ஒன்று செய்யச் சொல்லி வாங்கலாமே? (ஈரோடு)

பதில்: நெசவு தெரிந்த ஊரிலிருந்து வந்த கேள்வி, அதனால் மரியாதையாகப் பதில் சொல்கிறேன். அந்தத் தொப்பியின் மேல்துணிக்குப் பட்டு பிளஷ் என்று பெயர். பட்டிழை ரோமம்போல் எழுந்து நிற்கும், நீவினால் கண்ணாடி மாதிரி பளபளக்கும். அதற்குப் பேர்போன ஊர் பிரான்ஸின் லியோன். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தத் தறிகள் நின்றுபோயின. இன்று கடையில் கிடைக்கிற புது டாப் ஹாட்கள் முயல் ரோமம் போன்றவற்றால் ஆன ஃபெல்ட். லண்டனில் 1676 முதல் தொப்பி விற்கும் ‘லாக் அண்ட் கோ’ கடையிலேயே பட்டுத் தொப்பி வேண்டுமென்றால் பழையதைச் செப்பனிட்டுத்தான் தருகிறார்கள். பானையில் மிச்சம் இருப்பதுதான் சோறு. இனி உலை வைக்க ஆளில்லை.

கேள்வி: ‘அசல் பட்டு’ என்று கடைக்காரர் அடித்துச் சொன்னால் நம்பலாமா? (காஞ்சிபுரம்)

பதில்: உங்கள் ஊரிலேயே நம்ப முடியவில்லையே! தொப்பியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பட்டுத் தொப்பி என்றால் பக்கவாட்டில் சாய்வாக ஒரு தையல் ஓடும். இழைகளை நீவி அதை மறைத்திருப்பார்கள், எதிர்த்திசையில் லேசாக ஊதினால் அகப்படும். உச்சி வட்டத்தைச் சுற்றியும் தையல் இருக்கும். ஃபெல்ட் ஒரே உருவாக அழுத்திச் செய்யப்படுவது, அதில் தையலுக்கு வேலையில்லை. கடைக்காரர் வாயை விட்டுவிட்டுத் தையலைக் கேளுங்கள்.

கேள்வி: இவ்வளவு விறைப்பாக நிற்கிறதே, உள்ளே என்ன அட்டையா, தகரமா? (நாகர்கோவில்)

பதில்: நம் அரக்கு! பருத்தித் துணியை அரக்குக் கரைசலில் தோய்த்துக் காயவைத்து, மரக்கட்டை அச்சின்மேல் அடுக்கடுக்காகச் சுற்றி, சூடான இஸ்திரிப் பெட்டியால் ஒட்டுவார்கள். அதன்மேல் பட்டு. அரக்கு, புரசு மரத்திலும் இலந்தையிலும் வாழும் சின்னஞ்சிறு பூச்சி சுரப்பது. அதில் பேர்பெற்றது இன்றைய ஜார்க்கண்ட் பகுதி. அரக்கு ஆராய்ச்சிக்கென்றே 1924-ல் ராஞ்சியில் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். ஆக, லண்டன் கனவானின் மிடுக்கு இந்தியப் பூச்சியின் எச்சில். துரியோதனன் கட்டியது அரக்கு மாளிகை, இங்கிலாந்துக்காரன் கட்டியது அரக்குத் தொப்பி. இரண்டுக்கும் ஒரே எதிரி, சூடு. வெயிலில் நிறுத்திய காருக்குள் இந்தத் தொப்பியை வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

கேள்வி: தொப்பியின் இடுப்பு ஒடுக்கம், உச்சி அகலம். உள்ளே இருக்கும் மரக்கட்டையை எப்படி வெளியே எடுப்பார்கள்? (கோவில்பட்டி)

பதில்: இந்த வாரத்தின் புத்திசாலிக் கேள்வி. கட்டை ஒன்றல்ல, ஐந்து துண்டு. நடுத்துண்டை முதலில் உருவினால் மற்ற நாலும் உள்பக்கமாகச் சரிந்து ஒவ்வொன்றாக வந்துவிடும். கூட்டணி மாதிரி, நடுவில் இருப்பவர் போனால் மிச்சம் தானாகக் கலையும்.

கேள்வி: தாத்தாவின் லண்டன் பெட்டியில் ஒரு டாப் ஹாட் கிடைத்தது. ஓரத்தில் ஒரு நசுங்கல். நானே எடுக்கலாமா? (காரைக்குடி)

பதில்: பொறுமை இருந்தால் எடுக்கலாம். கெட்டிலின் மூக்கில் வரும் ஆவியில், தொப்பியின் உள்துணியை விலக்கி, நசுங்கிய இடத்தை மட்டும் சில விநாடி காட்டுங்கள். விரலடியில் அப்பளம் நமத்துப்போகிற மாதிரி ஒரு நெகிழ்ச்சி தெரியும், அரக்கு இளகிவிட்டது என்று அர்த்தம். உடனே ஆவியிலிருந்து விலக்கி, கரண்டியின் முதுகால் உள்ளிருந்து மெல்ல ஒற்றி, ஆறும்வரை அசையாமல் பிடித்திருங்கள். முதல் தடவை நான் ‘இன்னும் பத்து விநாடி’ என்று ஆசைப்பட்டேன். நசுங்கல் போனது, கூடவே விளிம்பின் அழகான வளைவும் போனது. ஆவியே காட்டாமல் குளிர்ந்த தொப்பியைக் கட்டைவிரலால் அழுத்துகிறவர்களுக்கு முறுக்கு உடைகிற சத்தம் கேட்கும். அப்புறம் அந்த விரிசலை உள்ளிருந்து ஒட்டுப் போட்டுத் தாங்கத்தான் முடியும், இல்லாமல் ஆக்க முடியாது.

கேள்வி: கறுப்பு வெளுத்துப் பழுப்பேறிவிட்டது. ஷூ பாலிஷ் போடலாமா? (வேலூர்)

பதில்: ஷூவுக்குப் போடுங்கள். தொப்பிக்கு மென்மையான பிரஷ், அப்புறம் ஒரு வெல்வெட் துண்டு, இரண்டே போதும். இழை எந்தப் பக்கம் படிந்திருக்கிறதோ அந்தப் பக்கமே வட்டமாக நீவுங்கள். மங்கலாக இருந்தால் துணியைத் துளி ஈரமாக்கி நீவலாம். நனைக்கக் கூடாது. பழுப்பு என்பது வயசு. நரைக்குச் சாயம் அடிக்கிற நமக்குத்தான் அது குறையாகத் தெரிகிறது.

கேள்வி: பழைய தொப்பியைத் தொட்டால் பைத்தியம் பிடிக்குமாமே? (திருநெல்வேலி)

பதில்: தொட்டால் இல்லை, வாங்க ஆரம்பித்தால் பிடிக்கும். வேடிக்கை ஒரு பக்கம், விஷயம் நிஜம். ஃபெல்ட் செய்ய ரோமத்தைப் பாதரச நைட்ரேட்டில் ஊறவைத்தார்கள். அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளிகளுக்குக் கைநடுக்கம், மனக் குழப்பம் எல்லாம் வந்தன. அமெரிக்காவில் 1941-ல்தான் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தார்கள். பட்டுத் தொப்பியின் உடம்பு அரக்கும் பருத்தியும்தான். பழைய ரோமத் தொப்பியைத் துடைக்கும்போது மட்டும் ஜன்னலைத் திறந்து வையுங்கள், பிறகு கையைக் கழுவுங்கள்.

கேள்வி: 1797-ல் லண்டனில் ஜான் ஹெதரிங்டன் என்பவர் முதன்முதலாக டாப் ஹாட் போட்டுத் தெருவில் இறங்க, ஊரே மிரண்டு, அவருக்கு அபராதம் விதித்தார்களாமே? (சேலம்)

பதில்: அருமையான கதை. அந்தக் காலத்து ஆவணம் ஒன்றிலும் சாட்சி இல்லை என்பதுதான் சின்னக் குறை. பிற்காலத்தில் யாரோ நமக்குப் போட்ட குல்லா.

கேள்வி: தட்டினால் தட்டையாகும் டாப் ஹாட் உண்டாமே? (புதுச்சேரி)

பதில்: உண்டு. பிரான்ஸின் கிபஸ் குடும்பம் பேர் வாங்கிக்கொடுத்த ஸ்பிரிங் தொப்பி. நாடகக் கொட்டகையில் சீட்டுக்கு அடியில் தள்ளிவிடலாம். வாங்கும்போது ஸ்பிரிங் நாலா பக்கமும் ஒரே வேகத்தில் எழும்புகிறதா, மடிப்பில் துணி இற்றிருக்கிறதா என்று பாருங்கள். பிரிட்டிஷ் மக்கள் சபையிலும் ஒன்று இருந்தது. வாக்கெடுப்பு நடக்கும்போது ஒழுங்குப் பிரச்சினை எழுப்புகிறவர் உட்கார்ந்தபடி, தலையில் தொப்பியோடுதான் பேச வேண்டும் என்பது அங்கே விதி. யாரும் தொப்பி போடாத காலம் வந்ததும், ஆத்திர அவசரத்துக்கென்று சபையிலேயே மடக்குத் தொப்பி வைத்திருந்தார்கள். 1998-ல் விதியை எடுத்துவிட்டார்கள். நம் சட்டசபைகளில் இருந்திருந்தால் பேச்சைவிடத் தொப்பிதான் அதிகம் பறந்திருக்கும்.

கேள்வி: உலகத்திலேயே மதிப்புமிக்க டாப் ஹாட் எது? (கோவை)

பதில்: என்னைக் கேட்டால், வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருப்பது. 1865 ஏப்ரல் 14 இரவு ஆபிரகாம் லிங்கன் ஃபோர்டு தியேட்டருக்குப் போட்டுக்கொண்டு போனது. சைஸ் 7⅛. இறந்துபோன மகன் வில்லிக்காகச் சுற்றிய கறுப்புத் துக்கப் பட்டை இன்னும் அதில் இருக்கிறது. ‘தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று’ என்போம். அங்கே தலை போய், தொப்பி தப்பியது. யாரோ ஒரு சுறுசுறுப்பான ஆள் ‘புதுசு மாதிரி ஆக்குகிறேன்’ என்று அந்தப் பட்டையைக் கழற்றிப் போட்டிருந்தால், அது இன்னொரு பழைய தொப்பி, அவ்வளவுதான். பழுதுபார்க்க உட்காருகிறவர் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: கையில் இருப்பது அழுக்கா, யாரோ ஒருவரின் வாழ்க்கையா?

கேள்வி: நான் குடியிருப்பது லண்டன் ஹாரோவில். எங்கள் ஊருக்கும் டாப் ஹாட்டுக்கும் சம்பந்தம் உண்டா? (ஹாரோ)

பதில்: 1937-ல் லார்ட்ஸ் மைதானத்துக்கு வெளியே ஜிம்மி சைம் எடுத்த புகைப்படத்தைத் தேடிப் பாருங்கள். டாப் ஹாட் போட்ட இரண்டு ஹாரோ பள்ளிப் பையன்கள், பக்கத்தில் சாதாரண உடையில் சிரித்துக்கொண்டு நிற்கும் மூன்று உள்ளூர்ப் பையன்கள். பிரிட்டனின் வர்க்க பேதத்துக்கு உதாரணமாக இன்றும் அதைத்தான் அச்சிடுகிறார்கள். கவனித்தீர்களா? தொப்பி போட்ட இருவர் முகத்திலும் சிரிப்பில்லை.

கேள்வி: பத்திரமாக வைக்க ஒரு வழி சொல்லுங்கள். (தூத்துக்குடி)

பதில்: உச்சி கீழே, விளிம்பு மேலே. நிமிர்த்தி வைத்தால் தொப்பியின் பாரத்தில் விளிம்பின் வளைவு தட்டையாகும். அந்தக் காலத்துத் தோல் பெட்டிகளில் வாளிக்குள் இறக்குவது மாதிரி தலைகீழாகத்தான் வைப்பார்கள். பூச்சி இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். பட்டுப்புழு கொடுத்ததை அந்துப்பூச்சி திரும்ப எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: உங்களுக்குப் பிறகு அந்தத் தொப்பி யாருக்கு? (மதுரை)

பதில்: ஐந்து வயசுப் பேத்திக்கு. எனக்குத் தலையில் ஏறவில்லை, அவளுக்கு மூக்குவரை இறங்குகிறது. நடுவில் ஏதோ ஒரு வயசில் சரியாகப் பொருந்தும். அதுவரை பெட்டிக்குள் தலைகீழாகக் காத்திருக்கட்டும்.