தக்காளிக்குத் தோல் உரித்த கதை

அக்கா மகன் கேட்டரிங் படிக்கிறான். சித்திரை லீவுக்குக் கோவில்பட்டி வந்தவன், நான் தக்காளி நறுக்குவதை ரெண்டு நிமிஷம் பொறுமையாகப் பார்த்தான். பிறகு, “மாமா, இதுக்குப் பேரு நறுக்குறது இல்ல, வெட்டுக்குத்து” என்றான்.

பிரெஞ்சு சமையலில் இதற்கென்றே ஒரு முறை இருக்கிறதாம். பெயர் கோன்காஸே. நொறுக்குவது, உடைப்பது என்று அர்த்தம். கேட்டதும் தெம்பாக இருந்தது. அந்த வித்தை எனக்குப் பிறவியிலேயே உண்டு. செய்முறையைச் சொன்ன பிறகுதான் தெரிந்தது, பெயருக்கும் வேலைக்கும் ஒட்டே இல்லை. காம்புக் கண்ணைத் தோண்ட வேண்டும். அடிப்பக்கம் கத்தி முனையால் பெருக்கல் குறி கீற வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் 15, 20 வினாடி. எடுத்த சூட்டோடு ஐஸ் தண்ணீர். தோலை உரித்து, குறுக்கே வெட்டி, விதையைப் பிழிந்துவிட்டு, மிஞ்சிய சதையைச் சின்னச் சதுரங்களாக நறுக்க வேண்டும்.

வாசப்படியில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். “என்னய்யா அது, காசா?”

“கோன்காஸே, ஆச்சி.”

“காசேதான். 2023-ல கிலோ நூறத் தாண்டி வித்துச்சே, ரேசன் கடையிலகூடப் போட்டாங்களே. அப்பப் போயி இந்தப் பிரெஞ்சுக்காரன் பிழிஞ்சு எறிஞ்சிருந்தான்னா தெரிஞ்சிருக்கும்.”

அம்மாவுக்கு உண்மையான வருத்தம் தக்காளியில் இல்லை, தண்ணீரில். எங்கள் ஊருக்குக் குடிதண்ணீர் சீவலப்பேரியிலிருந்து குழாயில் வர வேண்டும். தாமிரபரணி ஓடுவது அங்கே. நாங்கள் குடத்தோடு நிற்பது இங்கே. எட்டு நாள், பத்து நாள் காத்திருந்து பிடித்த தண்ணீரை அரிசி கழுவ, அதையே மாட்டுக்கு வைக்க என்று வாழ்ந்தவள். நாலு தக்காளியைக் குளிப்பாட்ட ஒரு பானை வெந்நீர், ஒரு சட்டி ஐஸ் தண்ணீர் என்றால் எப்படி இருக்கும்? “கல்யாணப் பொண்ணுக்குக்கூட ஒரு தண்ணிதான்யா” என்றாள்.

அவன் விடவில்லை. “நம்ம ஊரு கடலைமிட்டாய்க்கு 2020-ல புவிசார் குறியீடு குடுத்தாங்கல்ல? அதுலயும் கடலைத் தோல நீக்கிட்டுத்தான ஆச்சி பாகுல போடுறாங்க?”

“அதுக்கு ஊதுனாப் போதும். வாய்க்காத்து என்ன, சீவலப்பேரியில இருந்தா வருது?”

முதல் முயற்சி நாட்டுத் தக்காளியில். நாட்டுத் தக்காளிக்குத் தோல் மெலிசு, ரோஷம் அதிகம். வெந்நீரில் நான் எண்ணிக்கையைத் தவறவிட்ட இடைவெளியில் அது குழம்பாகவே ஆகிவிட்டது. அடுத்து, கெட்டியான பெங்களூர்த் தக்காளி. இந்தத் தடவை ஒரு அதிசயம் நடந்தது. கீறிய இடத்தில் தோல் நாலு மூலையாகப் பிளந்து, ஓரம் சுருண்டு எழும்பி நின்றது. சித்திரை வெயிலில் எங்கள் கரிசல் வெடித்துக் கிடக்குமே, அச்சாக அதேதான். நிறம் மட்டும் வேறு. தோலுக்கு அடியில் இருக்கும் பசை சூட்டில் இளகிவிடுகிறது, அதனால் விட்டுவிடுகிறது என்று மருமகன் விளக்கினான். கரிசலுக்குக் கத்தியும் வேண்டாம், வெந்நீரும் வேண்டாம். தண்ணீர் இல்லாமல் இருந்தாலே போதும்.

அரைக் கிலோ தக்காளியில் கடைசியில் தேறியது ஒரு டீ கிளாஸ் அளவு. பார்க்க என்னவோ மாணிக்கப் பரல்தான். வாயில் போட்டால் கூச்சப்பட்ட மாதிரி ஒரு ருசி. அவனே போனைத் தோண்டி ஒரு சங்கதியை எடுத்தான். இங்கிலாந்தில் ரெடிங் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2007-இல் ஆராய்ந்திருக்கிறார்கள்: நாக்கில் ருசியைக் கூட்டுகிற குளுட்டமேட், சதையைவிட விதையைச் சுற்றியிருக்கும் கொழகொழப்பில்தான் அதிகம். அதாவது, நாங்கள் ஒரு மணி நேரம் பாடுபட்டுப் பிழிந்து ஒதுக்கியதில்.

“பெறகு எதுக்குய்யா எறியுறாக?”

“சாஸ்ல தோலும் விதையும் தட்டுப்படக்கூடாது ஆச்சி. தொண்டையில நிக்கும்.”

“தக்காளித் தோலு நின்னு எவன் செத்தான்?”

கேட்டுக்கொண்டே தோல், விதை, பிழிந்த சாறு, கொதித்த தண்ணீர், ஐஸ் கரைந்த தண்ணீர் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கூட்டினாள். கொஞ்சம் புளி, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு ரசம் வைத்துவிட்டாள். ராத்திரி மூணு பேரும் அதைத்தான் ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டோம். கோன்காஸே மூடி போட்ட கிண்ணத்தில் பிரிஜ்ஜுக்குள் இருந்தது. எதில் போடுவது என்று மூணு நாள் யோசித்துவிட்டு, உப்புமாவில் போட்டேன்.

விதை ஒட்டியிருந்த தட்டைப் புறவாசல் அங்கணத்தில் கழுவி ஊற்றியிருந்தோம். வைகாசியில் அங்கே நாலு செடி முளைத்தது. ஆனிக் கடைசியில் காய்த்தது. மருமகன் அடுத்த லீவுக்கு வருகிறான் என்று போன் வந்த அன்றே, அம்மா எல்லாவற்றையும் செங்காயாகப் பறித்து அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டாள்.