பி மாய் தேற்றம்: கடாரத்து மாணவரின் இரவு உலா குறித்து ஓர் ஆய்வு

கெடா மாநிலத்தில் ஹார்வர்டு இருக்கிறது, டப்ளினும் இருக்கிறது. இரண்டும் தோட்டங்கள். ஹார்வர்டு பீடோங் பக்கம், டப்ளின் கூலிம் பக்கம். தஞ்சாவூரிலிருந்து படிக்க வந்த முதல் வாரம் வீட்டுக்குப் பேசியபோது, "ஹார்வர்டுக்குப் பக்கத்துலதான்பா ரூம்" என்றேன். ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அப்பா அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். நான் இன்றுவரை திருத்தவில்லை.

இக்கட்டுரை படிப்பைப் பற்றியதன்று. படிப்பைப் பற்றி எழுதும் அளவுக்கு என்னிடம் தரவு இல்லை. இரவு உலா பற்றி மூன்றாண்டுத் தரவு இருக்கிறது. ஆய்வுக் கேள்வி இதுதான்: ஒன்பதரை மணிக்கு "இன்னைக்குப் பினாங்கு" என்று முழங்கிவிட்டுக் கிளம்பும் ஐந்து பேர், பதினொரு மணிக்கு எப்படிப் பீடோங் மாமாக் சாப்பாட்டுக் கடையில், நேற்று உட்கார்ந்த அதே மேசையில், தே தாரிக் என்னும் தேநீரோடு இருக்கிறார்கள்?

விடையை இந்த வடக்குப் பகுதி மலாய்க்காரர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். அவர்கள் பேச்சில் 'பி' என்றால் போ, 'மாய்' என்றால் வா. பி மாய் பி மாய் தாங் து: போய் வந்து, போய் வந்து, கடைசியில் அங்கேயேதான். 1985இல் டிவி3 இந்தப் பெயரிலேயே ஒரு நகைச்சுவைத் தொடரைத் தொடங்கியது. அது ஆண்டுக்கணக்கில் ஓடியது. அவர்கள் சிரித்துவிட்டு விட்டதை நான் தேற்றமாக்குகிறேன், அவ்வளவுதான்.

முதலில் கருவிகள். எங்கள் காடி ஒரு பழைய பெரோடுவா கஞ்சில். (காடி என்றால் இங்கே கார். "காடி வந்திருச்சு, ஏறு" என்று முதல் நாள் கூப்பிட்டபோது நான் பழையசோற்றுக் காடியை நினைத்துக்கொண்டு நின்றேன்.) கஞ்சில் என்றால் சருகுமான். சருகுமான் மேல் ஐந்து ஆண்பிள்ளைகள் ஏறினால் அது எவ்வளவு தூரம் போகும் என்பதை விலங்கியலார்தான் சொல்ல வேண்டும். எங்கள் களப்பணியில் சுங்கைப்பட்டாணி டோல் வரை போனது. அங்கே டோல் கட்டும் டச் என் கோ அட்டையில் காசில்லை என்பது தெரிந்தது. அட்டையில் காசு போடுவது யார் முறை என்ற விவாதம் பின்னோக்கி ஓட்டியபடியே நடந்தது.

நாள்காட்டியும் சதி செய்கிறது. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். மூடா ஆற்றைத் தாண்டிப் பினாங்குக்குள் நுழைந்தால் அது சனியும் ஞாயிறுமாகிவிடும். வியாழன் இரவு எங்களுக்குக் கொண்டாட்டம், பினாங்கு நண்பனுக்கு மறுநாள் காலை வகுப்பு. சனி இரவு அவன் துள்ளுவான், எங்களுக்கு ஞாயிறு எட்டு மணிக்கு லேப். இருவருக்கும் பொதுவான இரவு வெள்ளி ஒன்றே. அன்றைக்குப் பினாங்கு போனால் கூட்டம் தாங்காது என்பதால் போவதில்லை. இந்தத் தருக்கத்தில் ஓட்டை கண்டவர் இதுவரை எவருமில்லை. தேடும் அளவுக்கு எவருக்கும் அக்கறையுமில்லை.

செலவுதான் காரணம் என்று சொல்லும் ஒரு தரப்பு உண்டு. அவர்கள் மற்றவர் பர்ஸைப் பார்ப்பவர்கள். விடுவோம்.

வரலாறு எம் பக்கம். 1025இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை இங்கே, அன்றைய கடாரத்துக்கு, வந்தது, கடாரம் கொண்டான் என்ற பட்டம் கிடைத்தது, படை திரும்பிவிட்டது. பி, மாய். வணிகர்களோ இன்னும் தெளிவான முன்னோடிகள். கிழக்கே வந்த கப்பல்கள் ஊர் திரும்பக் காற்று மாற வேண்டும். அதுவரை மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். செய்வதற்கு ஒன்றுமில்லாமல் கூட்டமாக உட்கார்ந்திருப்பதற்கு மலாயில் லேப்பாக் என்று பெயர். 1990களில் லேப்பாக் இளைஞரைக் கெடுக்கிறது என்று நாடே கவலைப்பட்டது. ஆயிரம் ஆண்டுப் பழக்கமென்று அப்போது யாரும் எடுத்துச் சொல்லவில்லை. இதே கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் 1930களில் தொல்லியலாளர் குவாரிச் வேல்ஸ் தோண்டியபோது கோயில் அடித்தளங்களோடு பானை ஓடுகளும் கிடைத்தன. பானை ஓடு கிடைத்த இடத்திலெல்லாம் யாரோ உட்கார்ந்து குடித்திருக்கிறார்கள் என்பது என் துணிபு.

நேரம் பற்றியும் ஒரு சொல். 1982 ஜனவரி 1 பிறந்தபோது தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிவைத்தது. அந்த அரை மணி திருப்பித் தரப்படவில்லை. "இன்னும் அரை மணி நேரம்தான்டா" என்று மேசையில் எவன் சொன்னாலும், அவன் 1982இன் பாக்கியைக் கேட்கிறான் என்றே கொள்ள வேண்டும். இந்தியா இரண்டரை மணி பின்னால் இருக்கிறது. அம்மா பத்தரைக்குப் படுக்கும் முன் கூப்பிடுவாள். எங்களுக்கு மணி ஒன்று. பின்னால் திரையில் கால்பந்து, யாரோ கோல் போட்டுவிட்டான்.

"அங்க என்னடா சத்தம்?"

"லைப்ரரிம்மா."

தே கொண்டுவரும் அண்ணன் இதைக் கேட்டுக்கொண்டே குவளையை வைப்பார். அவர் ராமநாதபுரம் பக்கம். இங்கே மாமாக் கடைகளில் அந்தப் பக்கத்துக்காரர்கள் நிறைய. "தம்பி, நாளைக்கு லைப்ரரி சாப்பாட்டுல என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்காமல் போவார். "அண்ணே, கீரா!" (கணக்குப் பாருங்க) என்றால் வந்து நிற்பார். தாள், பேனா கிடையாது. தட்டுகளை ஒரு பார்வை, குவளைகளை ஒரு பார்வை, உதடு மட்டும் அசையும்: ரொட்டி தெலூர் ரெண்டு, கோசோங் மூணு, மைலோ ஐஸ் ஒண்ணு, தே அஞ்சு. தொகை சென் பிசகாது. நண்பன் பாதி மறைத்துவைத்த தட்டும் கணக்கில் வந்திருக்கும். அவரும் வெளிநாட்டில்தான் இருக்கிறார், எங்களைவிட அதிக ஆண்டுகளாக. பினாங்கு பார்த்திருக்கிறாரா என்று ஒருமுறை கேட்டேன். "ஏர்போர்ட்டப் பாத்திருக்கேன் தம்பி. வர்றப்போ ஒரு தடவை, ஊருக்குப் போறப்போ ஒரு தடவை."

இனி, தேற்றத்தை மெய்ப்பித்த சோதனை. நண்பனின் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். ஓய்வு பெற்று, லயத்தை விட்டுத் தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்து எத்தனையோ ஆண்டாகியும் விடியற்காலை நாலரைக்கு எழுந்துவிடுவார். பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து விடிகாலை ஆள் கணக்கெடுப்புக்கு, போன உடம்பு. நாங்கள் கேட்டைச் சத்தமில்லாமல் திறக்க முயலும் நேரமும் அதுவே. ஒருநாள் அவருக்கு ரொட்டி தாப்பாவ் (பார்சல்) வாங்கி வந்திருந்தோம்.

"எங்க போயிட்டு வர்றீங்க?"

"பினாங்கு, பாட்டி" என்றான் பேரன்.

பாட்டி பொட்டலத்தை வாங்கினார். கறிப் பையின் முடிச்சை அவிழ்த்து மூக்கருகே கொண்டுபோனார்.

"ஏன்டா, நம்ம பீடோங்கு பருப்பையா பினாங்குலயும் ஊத்துறான்?"