பிரிண்டர் இல்லாத வீடு

நேற்று சாயங்காலம் கரமனைப் பக்கம் இடி இடித்தது. கரண்ட் போனது, வந்தது, வந்த கையோடு மறுபடியும் போனது. துலாவர்ஷக் காலத்தில் திருவனந்தபுரத்துக்கு இது பழக்கம்தான். மழையோடு எனக்குச் சண்டை இல்லை. கரண்ட் நிலைத்தபின் என் லினக்ஸ் கம்ப்யூட்டரைப் போட்டேன். கறுப்புத் திரையில் அந்தச் சிவப்பு நட்சத்திரங்கள் இடமும் வலமுமாக உலாத்தத் தொடங்கின. ஏதோ ஒரு வேலை தொடங்கிக்கொண்டிருக்கிறது என்று பக்கத்தில் ஒரு வரி, அதோடு விநாடிக் கணக்கு. என்ன வேலையாம்? நெட்வொர்க் வரக் காத்திருக்கிறதாம். வைஃபை பெட்டி இன்னும் கண்ணே விழிக்கவில்லை. அது விழிக்கும்வரை, அல்லது ஒரு நிமிடம் தீரும்வரை, இது காத்திருக்கும்.

நான் எழுத உட்கார்ந்தது ஒரு கடிதம். அதற்கு நெட்டே வேண்டாம்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. நீங்கள் அடுத்து என்ன செய்திருப்பீர்களோ அதையே நானும் செய்தேன். கடிதத்தை விட்டுவிட்டு, இயந்திரம் எழும்போது கூடவே யார் யார் எழுகிறார்கள் என்று பார்க்கப் போய்விட்டேன். வேண்டாத சேவைகளை நிறுத்துவது, ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய பேக்கேஜ்களைத் துடைப்பது இரண்டையும் ஐந்தே படிகளில் இங்கே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கும் உதவும்.

முதல் படி, நெட்வொர்க்குக்காகக் காத்திருக்கச் சொன்னது யார் என்று கண்டுபிடிப்பது. 'சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்' என்று அடித்தால் எந்தச் சேவை எத்தனை விநாடி எடுத்தது என்று பட்டியல் வரும். முதலில் நிற்பதே குற்றவாளி என்று முடிவுகட்டக் கூடாது. பல சேவைகள் ஒரே நேரத்தில் எழுகின்றன, ஒன்று இன்னொன்றுக்காகச் சும்மாவும் நிற்கிறது. பின்னாலிருந்து தூண்டியது யார் என்று தோண்டினேன். அகப்பட்ட பெயர் கப்ஸ்-பிரவுஸ்டி.

என் வீட்டில் பிரிண்டர் கிடையாது.

கப்ஸ் என்பது அச்சு வேலையைக் கவனிக்கும் மென்பொருள். 1999 முதல் இருக்கிறது. கப்ஸ்-பிரவுஸ்டி அதன் கையாள். நெட்வொர்க்கில் எங்கேயாவது பிரிண்டர் தட்டுப்படுகிறதா என்று துழாவுவதுதான் அதற்குத் தொழில். துழாவ நெட்வொர்க் வேண்டும், ஆகவே நெட்வொர்க் வந்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறது. தனியாக வந்தாலும் பரவாயில்லை, பரிவாரத்தோடு வருகிறது. 'இங்கே யாராவது பிரிண்டர் உண்டா' என்று கூவிக் கேட்க அவாஹி. யூஎஸ்பியில் பிரிண்டரைச் செருகினால் அதோடு பேச ஐபிபி-யூஎஸ்பி. திரையில் பார்த்த சிவப்பு தாளிலும் சிவப்பாகவே விழவேண்டுமே என்ற கவலைக்குக் கலர்டி. இவை போக, நான் கடையில்கூடப் பார்த்திராத ஆயிரக்கணக்கான மாடல்களுக்கு டிரைவர்கள். என் வீட்டு நெட்வொர்க்கில் இருப்பவை என் போன், மனைவியின் போன், டிவி. இவற்றில் எது அச்சடிக்கும் என்று தினமும் காலையில் ஒரு விசாரணைக் கமிஷன் உட்காருகிறது. கமிஷன் அறிக்கை இன்றுவரை வரவில்லை.

எனக்கு ஒரு பக்கம் அச்சில் வேண்டுமென்றால் அக்ஷயா சென்டர் என்கிற இ-சேவை மையத்துக்குப் போவேன். வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்வார்கள். அனுப்பினால் தாள் கைக்கு வந்துவிடும்.

நான் திரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதுதான் மாடி வீட்டுப் பையன் வந்தான். ஒன்பதாம் வகுப்பு. பள்ளியில் லிட்டில் கைட்ஸ் என்ற கம்ப்யூட்டர் கிளப்பில் இருக்கிறான். கேரளத்துப் பிள்ளைகளுக்கு லினக்ஸ் ஒரு பாடப்புத்தகச் சமாசாரம். நமக்குத்தான் அது கொள்கை, லட்சியம், வயிற்றெரிச்சல்.

"அங்கிளே, பிரிண்டர் உண்டோ? ஒரு புராஜெக்ட் எடுக்கணும்."

"இல்லையே மோனே."

திரையை எட்டிப் பார்த்தான். வரிசையாக ஓடிக்கொண்டிருந்த பெயர்களை ஒரு முறை படித்தான்.

"அப்போ இதெல்லாம் ஆருக்கு?"

பதில் சொல்லத் தெரியாமல் அக்ஷயா சென்டருக்கு வழி சொன்னேன்.

இந்த ஊரில் உட்கார்ந்து இப்படிப் புலம்பக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. கட்டற்ற மென்பொருள் அமைப்பான எஃப்எஸ்எஃப் இந்தியா 2001 ஜூலை 20 அன்று தொடங்கியது இங்கேதான், அந்த இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் நேரில் வந்திருந்தார். கட்டற்ற மென்பொருளுக்கென்று ஐசிஃபாஸ் என்ற அரசு நிறுவனமே காரியவட்டத்தில் கிரிக்கெட் ஸ்டேடிய வளாகத்தில் இருக்கிறது. அந்த ஸ்டால்மனுக்கு முதல் கோபம் எதன் மேல் வந்தது தெரியுமா? ஒரு பிரிண்டர் மேல். 1980 வாக்கில் எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவுக் கூடத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனியின் லேசர் பிரிண்டர் ஒன்று வந்தது. தாள் சிக்கினால் காத்திருப்பவர்களுக்கெல்லாம் தகவல் போகும்படி அதைத் திருத்த நினைத்தார், மூலநிரல் கிடைக்கவில்லை. வைத்திருந்த ஒருவரிடம் கேட்டதற்கும், தரமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று கைவிரித்துவிட்டார். அந்த வயிற்றெரிச்சலெல்லாம் சேர்ந்து 1983 செப்டம்பரில் குனு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டமாக வெளிவந்தது. பிரிண்டரால் பிறந்த குலம் பிரிண்டரை எப்படிக் கைவிடும்? அவர் சொன்ன சுதந்திரங்களில் முதலாவது, அதாவது பூஜ்யமாவது, எந்த நிரலையும் எந்தக் காரியத்துக்கும் நம் இஷ்டப்படி ஓட்டலாம் என்பது. ஓட்டாமலும் இருக்கலாம் என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம்.

ஓட்டாமல் இருப்பது அவ்வளவு சுலபமில்லை. 'ஸ்டாப்' சொன்னால் இப்போதைக்குப் போகும், அடுத்த முறை வந்துவிடும். 'டிஸேபிள்' சொன்னால் தானாக வராது, யாராவது கூப்பிட்டால் வரும். கப்ஸைக் கூப்பிட ஆளா இல்லை? சாக்கெட் ஒன்று காத்துக்கொண்டே இருக்கிறது. ஏதாவதொரு நிரல் அச்சு என்று முனகினால் போதும், எழுப்பிவிடும். சாக்கெட்டை அடைத்தால் கப்ஸ்.பாத் என்று இன்னொன்று, ஒரு குறிப்பிட்ட கோப்பு முளைக்கிறதா என்று பார்த்தபடி. கடைசி அஸ்திரம் 'மாஸ்க்'. அது சேவையின் பெயரை /டெவ்/நல் என்ற வெற்றிடத்தோடு முடிச்சுப்போட்டுவிடும். அப்புறம் யார் கூப்பிட்டாலும் வராது.

அதோடு விட மனசு வருமா? பேக்கேஜையே பிடுங்கப் போவோம். கப்ஸின் நூலகமான லிப்கப்ஸைத் தூக்கு என்று சொல்லிப் பாருங்கள். கூடவே போகப்போகிறவை என்று, பேக்கேஜ்களைக் கவனிக்கும் ஏப்ட் ஒரு பட்டியல் காட்டும். அதில் லிப்ரே ஆபீஸ் இருக்கும், டெஸ்க்டாப்பே இருக்கும். ஜன்னல் வரைகிற ஜிடிகே நூலகம் லிப்கப்ஸை நம்பி நிற்கிறது. அச்சடிக்காதவனுக்கு ஜன்னல் எதற்கு என்பது அவர்கள் கட்சி. 2021இல் லைனஸ் செபாஸ்டியன் என்ற பிரபல யூடியூபர் ஸ்டீம் என்ற கேம் மென்பொருளை நிறுவப்போன இடத்தில் இப்படியொரு பட்டியல் வந்தது. நான் சொல்கிறபடி செய் என்று முழு வாக்கியமாக அடிக்கச் சொன்னது, அடித்தார். டெஸ்க்டாப் போய்விட்டது.

இது வெறும் ஒரு நிமிட எரிச்சல் என்று நினைக்க வேண்டாம். 2024 செப்டம்பரில் சிமோனே மார்கரிதெல்லி என்ற பாதுகாப்பு ஆய்வாளர் சில ஓட்டைகளை வெளியிட்டார். கப்ஸ்-பிரவுஸ்டி அப்போது 631ஆம் யூடிபி போர்ட்டில் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. எவன் வந்து நான் பிரிண்டர் என்றாலும் நம்பிவிட்டது. அந்தப் போலிப் பிரிண்டருக்கு நாம் ஒரு பக்கம் அனுப்பியிருந்தால் அந்நியனின் கட்டளை நம் இயந்திரத்தில் ஓடியிருக்கும். அச்சடிக்கும்வரை ஆபத்தில்லை என்ற வகையில் என் வீடு பத்திரமாக இருந்தது. ஆனால் நான் வேண்டவே வேண்டாம் என்கிற ஒன்று, நான் கேட்காமலே வந்து, என்னைக் காக்கவும் வைத்து, வாசல் கதவையும் திறந்துபோட்டிருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

மீதி நான்கு படிகளுக்கு இடம் போதவில்லை. சுருக்கமாக: பிரிண்டர் இல்லாதவர்கள் கப்ஸ்-பிரவுஸ்டியை மாஸ்க் செய்யுங்கள். லிப்கப்ஸ் மேல் கை வைக்காதீர்கள். எதை அகற்றினாலும் 'ரிமூவ்' என்று சொல்லாமல் 'பர்ஜ்' என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் அதன் அமைப்புக் கோப்புகள் /ஈடிசியிலேயே கிடக்கும். 'ஆட்டோரிமூவ்' காட்டுகிற பட்டியலை ஒய் அழுத்துவதற்கு முன் கடைசி வரி வரைக்கும் படியுங்கள். படிக்கமாட்டீர்கள், தெரியும், பேக்கப்பாவது எடுத்து வையுங்கள்.