எல்லையியல்: ஓவர்கிளாக் செய்வோர்க்கு ஓர் இலக்கணம்

நூற்பா: எல்லை நான்கே, ஏடு, காவல், செவி, தேய்வு என அவை வழங்கும் என்ப.

உரை: பிராசஸரை விற்ற வேகத்துக்கு மேல் விரட்டும் அன்பர் யாவரும் "எத்தனை வோல்ட் வரை சேஃப், எத்தனை டிகிரி வரை சேஃப்?" என வினவுவர். வினா ஒன்றாயினும் விடை சொல்வார் நால்வர்; ஆகவே எல்லையும் நான்காயிற்று. எடுத்துக்காட்டாக 2011இல் வந்த இன்டெல் ஐ5-2500கே கொள்ளப்பட்டது. 3.3 கிகாஹெர்ட்ஸுக்கு விற்ற அந்தச் சிப்பை 4.5இல் ஓட்டுவது அன்று சர்வசாதாரணம்.

ஏட்டெல்லை என்பது தயாரிப்பாளர் அச்சிட்டது. இதன்கண் மயக்கம் இரண்டு. இந்தச் சிப்பின் டேட்டாஷீட்டில் 0.25 முதல் 1.52 வோல்ட் வரை ஓர் அட்டவணை உண்டு. சிப் மதர்போர்டிடம் கேட்கத்தக்க எண்களின் பட்டியல் அது, அவ்வளவே. ஸ்பீடோமீட்டரில் 160 இருக்கிறதே என்று வண்டியை அதிலேயே தினமும் ஓட்டுவார் உளரோ? ஆயினும் "1.52 வரை இன்டெல்லே அனுமதித்திருக்கிறது" என வாதிட்டோர் பலர். மற்றது 72.6 டிகிரி என்னும் எண். அது சிப்பின் மேலுள்ள உலோக மூடியின் நடுவில் அளப்பது. மென்பொருள் காட்டுவதோ உள்ளே இருக்கும் கோரின் சூடு. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு, கோர் 75ஐத் தொட்டதும் கணினியை அணைத்துவிட்டு விசிறியோடு ஓடிவருவோர் இரக்கத்துக்குரியர்.

காவலெல்லை சிப்பே தனக்கு வைத்துக்கொண்டது. 2500கே-க்கு அது 98 டிகிரி. அங்கே வந்ததும் சிப் தானே வேகத்தைக் குறைக்கும். அதையும் மீறினால் மெஷினை அணைத்துவிடும். 2022இல் வந்த ரைசன் 7000 வரிசையோ முழுச்சுமையில் 95ஐத் தொட்டு அங்கேயே நிற்கும்படி அமைந்தது. ஏஎம்டியே அப்படிச் சொல்லிற்று. ஆகவே சூட்டுக்கு வாயிற்காவலன் உண்டு என்க.

செவியெல்லை பெரிது, கேள்வியால் வருவது. "1.35ஐத் தாண்டாதே", "80க்கு மேல் போகாதே" என இதன் வாக்கியங்கள் குறுகியவை, அறை எது, சுமை எது என்று அவை சொல்லா. ஃபேனோ வாட்டர் கூலரோ சிப்பை அறையின் வெப்பத்துக்குக் கீழே இறக்க மாட்டா. இருபது டிகிரி அறையில் ஒருவர் கண்ட 75, சித்திரை மாதத்து மொட்டைமாடி அறையில், 35இல், 90 ஆகும். சுமையும் அவ்வாறே. கேமில் 65 காட்டும் சிப், பகா எண் தேடும் பிரைம்95ஐ ஓட்டியதும் 90ஐ எட்டும்.

இனி வோல்டேஜ். பயாஸில் 1.35 இட்டவர் அளவு காட்டும் மென்பொருளாகிய சிபியு-இசட்டைத் திறந்தால் சுமையில் 1.31 காண்பார், மின்னோட்டம் கூடும்போது வோல்டேஜ் இறங்குவது இயல்பு. அது பொறாமல், அவ்விறக்கத்தை ஈடுகட்டும் லோட்-லைன் கேலிபரேஷனை உச்சத்தில் வைப்பவர் ஒரு தனிக்கிளை. திரையில் அவர்க்கு 1.35 அசையாது நிற்கும். சுமை திடீரென இறங்கும் கணத்தில் வோல்டேஜ் அதற்கு மேல் துள்ளுவதைத் திரை காட்டாது. அத்துணை குறுகியது அத்துள்ளல். சிப் மட்டும் அறியும்.

தேய்வெல்லையின் பொருட்டே இந்நூல். மின்செலவு வேகத்தோடு நேராகவும் வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். 1.2இலிருந்து 1.4 வோல்ட், 3.3இலிருந்து 4.5 கிகாஹெர்ட்ஸ் என்றால் கணக்கு ஏறத்தாழ 1.86 மடங்கு. மிகுந்த மின்னோட்டம் மெல்லிய செம்புக் கம்பிகளில் அணுக்களையே தள்ளிக்கொண்டு போகும். எலக்ட்ரோமைக்ரேஷன் என்பது இது. டிரான்சிஸ்டரின் காப்புப் படலமும் மிகை வோல்டேஜில் நைந்துபோகும். சூடு இரண்டையும் விரைவாக்கும். இதற்குக் காவலன் இல்லை, எச்சரிக்கை மணியும் இல்லை. 60 டிகிரியில் குளிர்ந்து கிடக்கும் சிப்பும் 1.5 வோல்ட்டில் தேயும்; "டெம்பரேச்சர் நார்மல்தானே" என்பார்க்கு விடை இதுவே.

ஓவர்கிளாக் செய்யாதோர் தப்பினரோ எனின், அன்று. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறைச் சிப்களில், சிப்பின் உள்நிரலாகிய மைக்ரோகோடே அளவுமீறி வோல்டேஜ் கேட்டது, 2024இல் 1.55 வோல்ட்டுக்கு மேல் கேளாதபடி அதைத் திருத்தி வெளியிட்டனர். முந்தைய ஆண்டு, சில ரைசன் 7000 சிப்கள் சாக்கெட்டோடு கருகிய பின், சிப்பின் கோரல்லாத பகுதிக்கு ஊட்டும் எஸ்ஓசி வோல்டேஜுக்கு 1.3 என ஏஎம்டி வரம்பு கட்டிற்று.

தேய்வின் அடையாளம் யாதெனின்: 1.35இல் இரண்டு ஆண்டு அசையாது ஓடிய 4.5 ஒருநாள் நீலத்திரை காட்டும். அன்பர் டிரைவரைப் பழிப்பர், விண்டோஸைப் பழிப்பர், ரேமைக் கழற்றி மாட்டுவர். பின் 1.37 இட்டால் ஓடும். ஆறு மாதம் கழித்து 1.40 கேட்கும். ஒவ்வொரு முறையும் ஏற்றிக்கொடுத்து "இப்போ ஸ்டேபிள்" எனக் கூறும் இவரைச் செவியெல்லையாருள் வைப்பதா, தேய்வெல்லையாருள் வைப்பதா என்பதில் உரைகாரர் வேறுபடுவர்.