பட்டை தூக்கும், ஷாக்குதான் அடக்கும்

வண்டியைத் தூக்குவதற்காகக் காசு சேர்த்த வீடு எங்களுடையது. அதே வீட்டில் இப்போது என் தங்கை மகன், வண்டியை இறக்குவதற்காகக் காசு சேர்க்கிறான். அப்பாவுக்கு அம்பாசடர் இரண்டு அங்குலம் உயர வேண்டியிருந்தது. இவனுக்கு ஸ்விஃப்ட் இரண்டு அங்குலம் தாழ வேண்டும். இரண்டு வண்டியும் நின்றது அதே காரைக்கால் வாசலில், ஓடியது அதே திருநள்ளாறு சாலையில்.

அப்பா வாடகைக்கு ஓட்டினார். சனிக்கிழமை என்றால் திருநள்ளாறு, கந்தூரி என்றால் நாகூர், ஆவணி பிறந்தால் வேளாங்கண்ணி. ஐந்து பேர் போகிற வண்டியில் எட்டுப் பேர் ஏறுவார்கள். டிக்கியில் சோற்றுக் குண்டான், படுக்கைச் சுருள், திரும்பும்போது ஒரு மூட்டை அரிசி. எங்கள் பக்கம் பத்து நிமிடம் வண்டி ஓட்டினால் நாலு வாய்க்காலைத் தாண்டியாக வேண்டும். வாய்க்கால் பாலம் நின்ற இடத்திலேயே நிற்கும். அதன் இரு பக்கமும் ரோடு களிமண்ணோடு சேர்ந்து அமுங்கிப்போகும். அதனால் ஒவ்வொரு பாலத்திலும் ஒரு ஏற்றம், ஒரு இறக்கம். சவாரி நிறைந்திருந்தால் சைலன்சர் கல்லில் உரசும் சத்தம் பின்சீட்டு வரை கேட்கும்.

பாய் பட்டறையில் பின்னால் பக்கத்துக்கொரு பட்டை கூடுதலாகப் போடச் சொன்னார் அப்பா. அம்பாசடரின் பின்னால் இருப்பது பட்டை ஸ்பிரிங். யு போல்ட்டைக் கழற்றி, சென்டர் போல்ட்டை உருவி, ஒரு பட்டையை நடுவில் செருகிவிட்டால் வண்டி நிமிர்ந்துவிடும். பாய் வேலையைத் தொடங்கும் முன் பின்பக்க மூலையில் இரண்டு கையையும் ஊன்றி ஓர் அமுக்கு அமுக்கிவிட்டு விட்டார். வண்டி மூன்று முறை ஆடி நின்றது. "அண்ணே, பட்டை தூக்கும், ஷாக்குதான் அடக்கும். அதையும் மாத்திருங்க" என்றார். அப்பாவிடம் பட்டைக்குத்தான் பணம் இருந்தது.

எட்டுப் பேரோடு வண்டி அருமையாகப் போனது. காலி வண்டியாகத் திரும்பும்போதுதான் வினை. ஐப்பசி மழையில், ஓர் இரவு, பாலத்தின் இறக்கத்தில் பின்பக்கம் துள்ளியது. துள்ளிய சக்கரம் ரோட்டில் முழுதாக உட்காருவதற்குள் வளைவு வந்துவிட்டது. வண்டி பக்கவாட்டில் வழுக்கி வாய்க்கால் கரையில் போய் நின்றது. முன்சீட்டில் அப்பாவின் மடியோரம் தூங்கிக்கொண்டிருந்த எனக்கு எட்டு வயது. முன்விளக்கின் மஞ்சள் வெளிச்சம் ரோட்டுக்குப் பதிலாக ஓடும் தண்ணீர்மேல் விழுந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாருக்கும் காயம் இல்லை. அடுத்த மாதம் வட்டிக்கு வாங்கி ஷாக்கை மாற்றினார்.

பாய் சொன்னது எத்தனை சரி என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. ஸ்பிரிங் வண்டியின் எடையைத் தாங்கும். பள்ளத்தின் அடியை வாங்கித் தன்னுள் வைத்துக்கொள்ளும். வைத்துக்கொண்டதை உடனே திருப்பிக் கொடுத்தும் விடும். அந்தத் துள்ளலைப் பிடித்து, சின்னத் துளைகள் வழியாக எண்ணெயைப் பிதுக்கி, சூடாக மாற்றிக் கரைப்பது ஷாக். ஸ்ட்ரட் என்பது அதோடு நிற்பதில்லை. அது முன்சக்கரத்தின் காலும்கூட: ஸ்பிரிங்கைச் சுமக்கும், சக்கரத்தை நேராக நிறுத்தும், ஸ்டியரிங்கோடு சேர்ந்து திரும்பும். எர்ல் மெக்ஃபெர்சன் என்ற பொறியாளர் வகுத்த அந்த அமைப்பு 1950இல் இங்கிலாந்தின் ஃபோர்டு கான்சலில் வந்தது. இன்று நம் ரோட்டில் ஓடும் சின்ன கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கம் அதுதான்.

காரைக்காலில் வளர்ந்தவனுக்கு இந்தக் கதையில் இன்னொரு பாத்தியதையும் உண்டு. ஷாக்கின் வரலாற்றில் பிரெஞ்சுக்காரர்கள் கை பெரிது. 1900களின் தொடக்கத்தில் உராய்வால் துள்ளலை அடக்கும் கருவியைச் செய்த ட்ரூஃபோ பிரெஞ்சுக்காரர். 1950களில் ஒற்றைக் குழாயில் வாயுவை அழுத்தி அடைத்து இன்றைய பந்தய ஷாக்குக்கு வழி செய்த டி கார்போனும் பிரெஞ்சுக்காரரே. 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு நிர்வாகம் இங்கிருந்து கிளம்பியது. அதே ஆண்டில் சித்ரோயன் நிறுவனம் தன் ஒரு காரின் பின்பக்கத்துக்கு எண்ணெயும் வாயுவும் தாங்கும் சஸ்பென்ஷனைக் கொடுத்தது. மறு ஆண்டு அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் டி.எஸ். கார் வந்தது. அதன் சஸ்பென்ஷனை உருவாக்கியவர் போல் மஜேஸ். ஒரு நெம்புகோலைத் தள்ளினால் வண்டி உயரும், தாழும். பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்த பெரியப்பா விடுமுறைக்கு வந்தபோது அந்த வண்டியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்: இஞ்சினைப் போட்டதும், படுத்திருந்த மாடு எழுவதுபோல முதலில் பின்பக்கமாக எழுந்திருக்குமாம். எங்கள் வீட்டுத் தூக்கலும் இறக்கலும் ஒரே நெம்புகோலில் அடங்கியிருந்த வண்டி அது. அதைச் செய்தவர்களின் கொடி பறந்த ஊரில் அப்பா பட்டை வாங்கக் காசு எண்ணிக்கொண்டிருந்தார் என்பது நினைக்கும்தோறும் நெஞ்சில் தைக்கிறது. இன்று சித்ரோயன் கார்கள் நம் திருவள்ளூரிலேயே தயாராகின்றன.

மருமகன் வாங்கியது பழைய ஸ்விஃப்ட், பி.ஒய். 02 எண். ஏற்கெனவே கொஞ்சம் தாழ்ந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் மயங்கி வாங்கினான். பாய் மகனின் பட்டறையில் ஜாக்கி போட்டுத் தூக்கினோம். சக்கரம் தொங்கியதும் பின்பக்க ஸ்பிரிங்கைத் தொட்டேன். கையோடு கலகலவென்று சுழன்றது. அடி நுனியில் நீலம் பாய்ந்திருந்தது. முன்பு வைத்திருந்த யாரோ கேஸ் கட்டிங்கில் ஒரு சுற்றை அறுத்திருக்கிறார்கள். சூடு பட்ட இடத்தில் எஃகின் முறுக்கு போய்விடும். ஷாக் மட்டும் பழைய நீளத்துக்கு விரிவதால், பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டே நகரலாம். ஸ்ட்ரட்டின் மேல் எண்ணெய் கசிந்து, அதில் கடற்கரை மணல் மாவாக ஒட்டியிருந்தது. உப்புக் காற்று தண்டின் பளபளப்பை அரிக்க, அரித்த தண்டு சீலைக் கிழித்திருந்தது.

"ஸ்பிரிங் மட்டும் நல்லதா வாங்கிப் போட்டுடலாம் மாமா, ஷாக்ஸ் அப்புறம்" என்றான். அப்பா செய்த அதே கணக்கு.

அவனை உட்கார வைத்துச் சொன்னேன். ஆறு சுற்றில் ஒன்று போனால் மீதி ஸ்பிரிங் 20 சதவீதம் விறைப்பாகிவிடும். அந்த விறைப்புக்கு ஷாக்கின் அடக்கும் பலமும் சுமார் 10 சதவீதம் கூட வேண்டும். இல்லையென்றால் பழைய நிதானம் வராது. வண்டி தாழ்ந்த அளவுக்கு ஷாக்கின் கீழ்ப்பயணமும் குறைந்துவிடுகிறது. பழைய ஷாக்கையே வைத்திருந்தால் சின்னப் பள்ளத்துக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் முட்டும். அதனால்தான் நல்ல கம்பெனிகள் தாழ்ந்த வண்டிக்கென்று உடல் குட்டையான ஷாக் தனியாகச் செய்கின்றன. பில்ஸ்டைனில் பி6 சாதாரண உயரத்துக்கு, பி8 தாழ்த்திய வண்டிக்கு. கோனியின் மஞ்சள் ஷாக்கில் ரீபவுண்டை, அதாவது அமுங்கியது மேலே எழும் வேகத்தை, திருகிக் கூட்டலாம், குறைக்கலாம். எங்கள் பாலங்களுக்கு வேண்டியது அந்தத் திருகுதான்.

ஒற்றைக் குழாயா, இரட்டைக் குழாயா என்று இளைஞர்கள் மணிக்கணக்கில் வாதாடுவார்கள். ஒற்றைக் குழாய் சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றும். பந்தயத் தடத்துக்கு அதுவே சரி. ஆனால் அதில் பிஸ்டன் ஓடுவது வெளிச்சுவரிலேயே. கல் தெறித்து நசுங்கினால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். இரட்டைக் குழாயில் வெளிச்சுவர் நசுங்கினாலும் உள்ளே ஓட்டம் பெரும்பாலும் நிற்காது. இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் ஓட்டுகிறவன் முந்தையதை எடுக்கட்டும். ஜல்லி கொட்டிய ரோட்டில் அன்றாடம் போகிறவனுக்கு நான் பிந்தையதைத்தான் சொல்வேன்.

இரண்டு அங்குலத்துக்கும் நான் ஒப்பவில்லை. இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த வேகத்தடை 3.7 மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் உயரம். தாழ்ந்த வண்டியும் மெல்ல ஏறி இறங்கிவிடும். எங்கள் தெருவில் இருப்பது ஒன்றரை அடி அகலத்தில் குவித்த தார். மாசி, பங்குனி வந்தால் உளுந்துச் செடியையும் பயற்றஞ்செடியையும் நடுரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வண்டி மிதித்து மணி உதிரும். வயிறு தாழ்ந்த வண்டி அந்தச் செடியை வாரிச் சுருட்டிக்கொள்ளும். சூடான சைலன்சரில் காய்ந்த சருகு மாட்டினால் என்ன ஆகும் என்று அவனுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சட்டமும் இருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைக் காட்டி, தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு வா, அப்புறம் பணத்தைக் கட்டு என்றேன். போய் வந்தான். ஓர் அங்குலத்துக்கு இறங்கி வந்தான்.

நாலு மாதம் காத்திருந்து, ஸ்பிரிங்கும் குட்டை ஷாக்கும் ஒரே நாளில் மாட்டினோம். பாய் மகன் பின் ஷாக்கின் தூசிக் கவசத்தை மேலே தூக்கி, தண்டில் ஒரு பிளாஸ்டிக் டையை இறுக்கி, சீலை ஒட்டிக் கீழே தள்ளி வைத்தார். ஷாக் அமுங்கும்போதெல்லாம் அந்த டை மேலே ஏறும், ஏறிய இடத்திலேயே நிற்கும். நாலு பேர் ஏறித் திருநள்ளாறு போய், வேண்டுமென்றே எல்லாப் பாலத்தையும் கொஞ்சம் வேகமாகத் தாண்டித் திரும்பினோம். மருமகன் டார்ச்சோடு தரையில் படுத்துப் பார்த்தான். டைக்கும் ரப்பருக்கும் நடுவே ஒரு விரற்கடை மிச்சமிருந்தது.

"போதுமா பாய்?" என்றான்.

பாய் மகன் பதில் சொல்லவில்லை. எழுந்து வந்து, அவருடைய அத்தா செய்ததுபோலவே, பின்பக்க மூலையில் இரண்டு கையையும் ஊன்றி ஓர் அமுக்கு அமுக்கிவிட்டு விட்டார். வண்டி எழுந்தது. ஆடாமல் நின்றது.