உளுந்து செய்த குற்றம்

உளுந்துச் செடி செய்த குற்றம் பெரியது. தனக்கு வேண்டிய தழைச்சத்தில் பெரும்பங்கைக் காற்றிலிருந்து தானே எடுத்துக்கொள்கிறது. மனு கொடுப்பதில்லை, விரல்ரேகை வைக்க வரிசையில் நிற்பதில்லை. ரைசோபியம் என்ற பாக்டீரியாவை வேரில் குடிவைத்துக் காரியத்தை முடித்துக்கொள்கிறது. தன் தயவில்லாமல் ஒரு ஜீவன் வளர்ந்தால் எந்த சர்க்கார் பொறுக்கும்?

அதனால்தான் அதன் தலையில் யூரியாவைக் கொட்டுகிறோம். 2010-ல் மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலையை அவிழ்த்துவிட்ட புண்ணியவான்கள், யூரியாவை மட்டும் பழையபடி பொத்திக் காத்தார்கள். இன்று 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. மணிச்சத்து தரும் டிஏபி 50 கிலோ 1,350 ரூபாய். மலிவாகக் கிடைப்பதே சத்து என்று விவசாயியை நம்பவைக்க இதைவிட நல்ல பாடம் உண்டா?

யூரியா தின்ற உளுந்தைப் பிடுங்கிப் பாருங்கள். மேலே இலை கரும்பச்சையாக, கல்யாண வீட்டு வாழைமரம்போல் தளதளவென்று இருக்கும். வேரில் முடிச்சு அங்கொன்று இங்கொன்று. நல்ல செடியின் முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே ரத்தச் சிவப்பு தெரியும். வேலை நடக்கிறது என்று அர்த்தம். இதைக் கிள்ளினால் வெளிறிக் கிடக்கும். சும்மா சோறு கிடைக்கும்போது செடி மட்டும் எதற்கு உழைக்கும்? தழை கொழுக்கும், காய் குறையும், அசுவினி வந்து அப்பும். கடைசியில் பூச்சிமருந்துக் கடைக்காரர் வீட்டில் விளைச்சல்.

டெல்டாவில் கூத்து இன்னும் விசேஷம். அறுவடைக்கு வாரம் பத்து நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கையில், நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தைத் தெளித்துவிடுகிறார்கள். அடியுரம் போட வழியில்லை. மிச்ச ஈரத்தையும் பனியையும் குடித்தே பயிர் வளரவேண்டும். அதற்கு வாய்க்கும் ஒரே விருந்து, பூக்கத் தொடங்கும்போதும் 15 நாள் கழித்தும் அடிக்கும் 2 சதவீத டிஏபி கரைசல். ஏக்கருக்கு ஒரு தடவைக்கு 4 கிலோ போதும். முதல்நாள் ஊறவைத்து, மறுநாள் தெளிந்த நீரை வடிகட்டி அடிக்கவேண்டும், அவ்வளவுதான். வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டது. ஆனால் 4 கிலோவுக்கு 50 கிலோ மூட்டை வாங்கவேண்டும். அந்த மூட்டை பூக்கிற வாரத்தில் கடையில் இருக்காது. இருந்தாலும் தனியாக வராது. "அண்ணே, இந்த பாட்டிலையும் எடுத்தாத்தான் பில்லு." கம்பெனி கடைக்காரர் தலையில் கட்டியதை அவர் நம் தலையில் கட்டுகிறார். இப்படிச் சேர்த்துக் கட்டக்கூடாது என்று டெல்லி எச்சரித்திருக்கிறது. எச்சரிக்கைக்கு மட்டும் இங்கே தட்டுப்பாடே வந்ததில்லை.

ரைசோபியம் ஹெக்டேருக்கு 600 கிராம். ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் புரட்டினால் போதும். யூரியா மூட்டைக்கு முன்னால் அது சில்லறைக் காசு. அந்த உயிருள்ள சரக்கைத் தகரக் கொட்டகையில் பூச்சிமருந்துக்குப் பக்கத்தில் வேகவைத்து, விதைப்பு முடிந்தபின் விநியோகிக்கும் மகான்களும் உண்டு. பாக்டீரியா செத்தால் என்ன, பதிவேட்டில் இலக்கு உயிரோடு இருக்கிறதே!

2025-ல் பருப்பில் தற்சார்பு என்று 11,440 கோடி ரூபாயில் ஓர் இயக்கம் தொடங்கினார்கள். உளுந்தும் அதில் முக்கியப் பயிர். அதே ஆண்டில் மியான்மர் உளுந்து சுங்கவரி இல்லாமல் துறைமுகத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. நம் இட்லி தற்சார்போடுதான் உப்புகிறது.

ஐயா அதிகாரிகளே, தை பிறக்குமுன் உயிருள்ள ரைசோபியத்தையும், 4 கிலோ பையில் டிஏபியையும் கூட்டுறவுச் சங்கத்துக்கு அனுப்புங்கள். முடியாதென்றால், விளைச்சல் ஏன் குறைந்தது என்று ஆய்வு செய்ய ஜீப்பில் வயலுக்கு வராதீர்கள்.