தொப்பையைக் கட்டிக்காக்கச் சில யோசனைகள்

சிங்கவரத்துக்காரர்கள் முதலில் செய்ய வேண்டியது, மலையை அடிவாரத்திலிருந்தே கும்பிட்டுவிட்டுத் திரும்புவது. பல்லவர் காலத்தில் பாறையைக் குடைந்து ரங்கநாதரைப் படுக்கவைத்தார்கள். அவரே படுத்திருக்கும்போது நாம் ஏன் படியேற வேண்டும்? பேசாமல் பைக்கை எடுங்கள். (உதைக்க வேண்டாம், செல்ஃப் ஸ்டார்ட் போதும். காலுக்கு வீண் வேலை.) செஞ்சி ராஜா தேசிங்கு போருக்குக் கிளம்பியபோது, போகாதே என்று இந்தப் பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டதாக ஊர்க்கதை. தேசிங்கு கேட்கவில்லை, 1714-ல் களத்தில் விழுந்தார். எச்சரிக்கையை மதிக்காத பெரிய பரம்பரை நம்முடையது. டாக்டர் பேச்சை மட்டும் கேட்டால் மரியாதையாக இருக்குமா?

வீட்டில் இன்ச் டேப் வைக்காதீர்கள். நம் ஆண்களுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாதாம். பெல்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டினால் கல்யாணத்துக்குத் தைத்த பேன்ட்டே போதும். வேட்டி இன்னும் உத்தமம், எதையும் காட்டிக்கொடுக்காது. துணைக்கு ஆளில்லையே என்ற கவலையும் வேண்டாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு ஆண்களில் 37 சதவீதம் பேர் அளவுக்கு மீறிய எடைக்காரர்கள்.

கொழுப்பு சும்மா கிடக்கிறது என்றே நம்பி வாருங்கள். உண்மையில் அது இன்சுலினை ஏற்றிவிடும், உள்ளுக்குள் ஓயாத அழற்சியை மூட்டும், பெருகத் தேவையில்லாத செல்களைப் பெருகச் சொல்லும். 2016-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 13 வகைப் புற்றுநோய்களுக்கும் அதிகக் கொழுப்புக்கும் தொடர்பு உண்டு என்று சொன்னது. பெண்களுக்கு உரியவற்றைக் கழித்தாலும் பெருங்குடல், கல்லீரல், சிறுநீரகம், கணையம் என்று நமக்குப் பத்து மிஞ்சும்.

ஸ்வீடன் பேச்சை எடுக்கும் ஆட்களிடம் உஷாராக இருங்கள். அங்கே 1968 முதல் 2005 வரை ராணுவப் பணிக்கு வந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பையன்களைச் சைக்கிள் மிதிக்கவைத்து மூச்சுத்திறனை அளந்தார்கள். பிறகு சராசரியாக 33 ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்தார்கள். 2023-ல் வந்த முடிவு: இளமையில் நன்றாக மிதித்தவர்களுக்குப் பெருங்குடல், கல்லீரல், உணவுக்குழாய் உட்பட ஒன்பது வகைப் புற்றுநோய்கள் குறைவு. அதே ஆய்வில் நமக்குச் சாதகமான ஒரு வரியும் இருக்கிறது. திடகாத்திரமானவர்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் சற்று அதிகம்! டீக்கடையில் இதை உரக்கச் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்கள் பரிசோதனைக்கு ஒழுங்காகப் போவதால் அதிகம் கண்டுபிடிக்கப்பட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் தந்த விளக்கத்தை மட்டும் விழுங்கிவிடுங்கள், போண்டாவோடு.

மனைவி விடாமல் நச்சரித்தால், திடீரென்று பட்டினி கிடந்து இளைக்கப் போவதாகச் சபதம் செய்யுங்கள். பக்கத்துத் திருநாதர்குன்றில் சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு இருந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. அது உயிரைத் துறக்க எடுத்த சமண நோன்பு, டயட் அல்ல. அந்த வித்தியாசம் உங்களுக்கு எதற்கு? மூன்றாம் நாள் பரோட்டா சால்னாவோடு விரதத்தை முடித்துவிடலாம். வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடந்தால் போதும் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் சலுகையை மட்டும் ஏற்காதீர்கள், பழகிவிடும். செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் தொப்பையில்லாமல் நெல் மூட்டை சுமப்பவர்களைப் பார்க்க நேர்ந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, மலத்தில் ரத்தம் வந்தால் பதறாதீர்கள். மூலம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் மூலம், பௌத்திரம் விளம்பரம் ஒட்டியிருக்கும், போன் நம்பரோடு. வீட்டில் கேட்டால் உடம்புச் சூடு என்று சொல்லி மோர் வாங்கிக் குடியுங்கள். முண்டியம்பாக்கத்து ஆஸ்பத்திரிக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் போகலாம்தான். பொங்கல் கழியட்டும், அறுப்பு முடியட்டும், மகள் கல்யாணம் ஆகட்டும்.